கார்னகி ஹாலின் அமெரிக்க ஆர்கெஸ்ட்ரா சந்தாத் தொடர்: எடுக்கலாமா?

மேல்தளவாசி எழுதியது:

நியூயார்க்கின் புகழ்பெற்ற இசையரங்கான கார்னகி ஹாலின் புதிய சீசன் அறிவிப்பு வெளியாகும்போதெல்லாம் நியூயார்க்கிலும் ஜெர்சியிலும் இருக்கும் நம் இசை நண்பர்களிடையே ஒரே பேச்சுதான் அடிபடுகிறது. வியன்னா, பெர்லின், ஆம்ஸ்டர்டாம் குழுக்கள் வருகிற தொடருக்குச் சந்தா கட்டினால் போதும், பாஸ்டனும் பிலடெல்பியாவும் எங்கே போய்விடப்போகின்றன, அவற்றை எப்போது வேண்டுமானாலும் தனி டிக்கெட் வாங்கிக் கேட்டுக்கொள்ளலாம் என்பதே அந்தப் பேச்சு. (சந்தா என்றால், ஒரு தொடரின் நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இருக்கையை முன்கூட்டியே பணம் கட்டி எடுத்துக்கொள்வது.) எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரே ஒரு தொடருக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால், அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களின் தொடரைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே முன்வைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள்.

முதலில் அந்த அரங்கின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1891 மே 5 அன்று ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியே வந்து தன் படைப்பை நடத்தித் தொடங்கிவைத்த அரங்கு அது. 1893 டிசம்பரில் த்வோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பொனி முதன்முதலாக ஒலித்ததும் அங்கேதான். வாசித்தது நியூயார்க் பில்ஹார்மோனிக். அந்தக் குழு 1962 வரை கார்னகி ஹாலைத் தன் வீடாகவே வைத்திருந்தது. லிங்கன் சென்டர் என்ற கலை வளாகத்தில் அதற்குப் புதிய அரங்கு கட்டும் பேச்சு எழுந்தவுடன், குடியிருந்தவர் காலிசெய்யப்போகும் பழைய கட்டடம் எதற்கு என்று அதை இடித்துவிட்டு வானளாவிய கட்டடம் எழுப்பத் திட்டம் போட்டார்கள். வயலின் கலைஞர் ஐசக் ஸ்டெர்ன் முன்னின்று நடத்திய இயக்கத்தால் 1960இல் நியூயார்க் நகராட்சி 50 லட்சம் டாலர் கொடுத்து அதை வாங்கியது, அரங்கு பிழைத்தது.

பிழைத்த அரங்குக்குச் சொந்த ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் போனது. ஆனால் அந்த இல்லாமைதான் அதற்குப் பெரிய பலமாக வாய்த்தது என்பேன். பாஸ்டன், பிலடெல்பியா, கிளீவ்லாந்து, சிகாகோ என்று மற்ற ஊர்க் குழுக்கள் முன்பிருந்தே அங்கே வந்துபோய்க்கொண்டிருந்தாலும், 1962க்குப் பிறகு அந்த மேடையின் சிம்பொனி நாள்காட்டியை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள் என்றாகிவிட்டது. ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் ஒருவிதமாக ஒலிக்கிறது. அது பாதி குழுவின் ஒலி, பாதி அந்த ஊர் அரங்கின் ஒலி. எல்லாரையும் ஒரே அரங்கில், ஒரே இருக்கையில் உட்கார்ந்து, சில மாத இடைவெளிக்குள் கேட்கும்போதுதான் எது அரங்கின் குணம், எது குழுவின் குணம் என்று பிரித்தறிய முடிகிறது. சந்தா கட்டுகிறவருக்கு அந்த ஒரே இருக்கை கிடைக்கிறது. தனி டிக்கெட் வாங்குகிறவர் ஒரு நாள் கீழ்த்தளத்தில் ஓரமாகவும் மறுநாள் பால்கனியின் நடுவிலும் உட்கார்ந்தால், அவர் ஒப்பிடுவது பெரும்பாலும் இருக்கைகளைத்தான்.

தென்றல்வாணன் எழுதியது:

நல்ல தொடக்கம், நண்பரே. ஆனால் உங்கள் வாதத்தின் அடிப்படையே இன்று செல்லுமா என்று ஐயமாக இருக்கிறது. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பு பிலடெல்பியா வேறு, சிகாகோ வேறு என்றால் ஒப்புக்கொள்வேன். இன்று எல்லாக் குழுக்களுக்கும் ஆட்கள் வருவது ஜூலியார்ட், கர்ட்டிஸ் போன்ற அதே சில பள்ளிகளிலிருந்துதான். ஆடிஷன் என்ற ஆள்தேர்வில், வாசிப்பவர் யார் என்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் உட்காரவைக்கிறார்கள். உலகம் முழுவதும் இருந்து வருகிறவர்கள் அதே சில பகுதிகளை அப்பழுக்கில்லாமல் வாசித்துக் காட்டி வேலைக்குச் சேருகிறார்கள். அந்த முறை நியாயமானது, பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் தனித்த ஒலி என்பது அதோடு தேய்ந்துபோனது.

குழுக்களை நடத்தும் கண்டக்டர்களையும் பாருங்கள். யானிக் நெசே-செகன் பிலடெல்பியாவுக்கும் தலைமை, நியூயார்க்கின் இசைநாடக அமைப்பான மெட்ரோபாலிட்டன் ஆப்பராவுக்கும் தலைமை. ஆந்திரிஸ் நெல்சன்ஸ் பாஸ்டனுக்கும் ஜெர்மனியில் உள்ள லைப்ஸிக்கின் கெவாண்ட்ஹவுஸ் குழுவுக்கும் ஒரே காலத்தில் பொறுப்பேற்றவர். முன்பு அப்படி இல்லை. ஜார்ஜ் ஸெல் 1946இலிருந்து 1970இல் இறக்கும்வரை கிளீவ்லாந்தில் இருந்தார். யூஜின் ஓர்மண்டி பிலடெல்பியாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். ஒரு குழுவை ஒருவரே அத்தனை காலம் வளர்த்தால் அதற்கென்று ஒரு குரல் அமையும். விமானத்தில் வந்து இறங்கி, சில வாரங்கள் நடத்திவிட்டு, அடுத்த ஊருக்குப் போகிறவர்களால் அது எப்படி அமையும்?

மேல்தளவாசி எழுதியது:

தென்றல்வாணன் சொல்வதில் பாதி உண்மை. ஒலிகள் முன்பைவிட நெருங்கி வந்திருக்கின்றன. ஆனால் ஒன்றாகிவிட்டன என்று சொல்வதற்கு முன் சீவாளி வைத்து ஊதும் குழலான ஓபோவை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். மார்செல் டாபுத்தோ என்ற பிரெஞ்சுக்காரர் 1915 முதல் 1954 வரை பிலடெல்பியாவின் முதல் ஓபோ. கர்ட்டிஸ் இன்ஸ்டிட்யூட் 1924இல் தொடங்கியதிலிருந்து அங்கேயும் கற்பித்தார். அமெரிக்க ஓபோ வாசிப்பு என்று இன்று நாம் சொல்வது ஏறக்குறைய அவர் வகுத்த வழிதான்: சீவாளியைச் சீவும் முறையிலிருந்து, ஒரு நீண்ட வாக்கியத்தை எங்கே மூச்செடுத்து எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்பது வரை. அவருடைய மாணவர்கள் பல ஊர்களுக்கும் பரவினார்கள். ஆகவே பள்ளி ஒன்றே என்பது புதிய செய்தி அல்ல. அது நூறு ஆண்டுக் கதை. அப்படிப் பரவிய ஒரே மரபு, கிளீவ்லாந்தில் ஸெல்லின் கண்டிப்புக்கு ஆட்பட்டபோது ஒரு விதமாகவும், பிலடெல்பியாவின் அடர்ந்த வயலின்களுக்கு நடுவே வேறு விதமாகவும் வளர்ந்தது.

புதிதாகச் சேருகிற ஒருவர், பல ஆண்டுகளாக வாசிக்கும் ஒருவரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் பழகுகிறார். சிகாகோவில் அடால்ஃப் ஹெர்செத் 1948இலிருந்து 2001 வரை முதல் ட்ரம்பெட்டாக இருந்தார். டியூபா என்ற பெரிய பித்தளைக் கருவியில் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் 1944 முதல் 1988 வரை. இசை இயக்குநர்கள் பலர் வந்து போனார்கள், பித்தளைக் கருவிகளின் வரிசை மட்டும் அசையவில்லை. இசை இயக்குநர் ஸோல்ட்டி 1970இல் இந்தக் குழுவோடு கார்னகி ஹாலில் மாஹ்லரின் ஐந்தாம் சிம்பொனியை நடத்திய இரவைப் பற்றிப் பழைய ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். அந்தச் சிம்பொனி ஒற்றை ட்ரம்பெட்டோடு தொடங்குகிறது. அன்று அதை ஊதிய ஹெர்செத்தோடு நேரே தொடர்பு இருந்த தலைமுறை முழுவதும் இன்னும் ஓய்ந்துவிடவில்லை.

பாஸ்டனைப் பொறுத்தவரை, மோன்ட்டோ, மூன்ஷ் போன்ற பிரெஞ்சுப் பண்பாட்டு இசை நடத்துநர்கள் விட்டுச்சென்ற இலேசான, வெளிச்சமான ஒலி இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது விவாதத்துக்கு உரியது. நெல்சன்ஸ் காலத்தில் அது கனத்துவிட்டது என்பதே என் எண்ணம். அவரோடு ஷோஸ்டகோவிச்சின் ‘லேடி மேக்பெத்’ ஆப்பராவை 2024 ஜனவரியில் கார்னகிக்குக் கொண்டுவந்தார்கள், அந்தக் கனம் அங்கே பொருத்தமாகவே இருந்தது.

கேட்கும்போது ஒரு வழியைக் கடைப்பிடித்துப் பாருங்கள். நிகழ்ச்சி தொடங்கி முதல் முறை டபுள் பாஸ் (வயலின் போன்ற, ஆனால் ஆளுயரப் பெரிய கருவி) கலைஞர்கள் அனைவரும் விரலால் மீட்டும் இடம் வரும்போது, அந்த ஓசை ஒரே புள்ளியில் விழுகிறதா, அல்லது சற்றே பரந்து உருண்டு வந்து அடங்குகிறதா என்று கவனியுங்கள். கிளீவ்லாந்துக்கும் பிலடெல்பியாவுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு கணத்திலேயே கேட்கலாம். இதைக் கேட்பதற்குச் சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஏரிக்கரை வாசகி எழுதியது:

கிளீவ்லாந்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது நியூயார்க்கில் வசிக்கிறேன் என்பதால், இதை மறுபக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். வெளியூர்க் குழு ஒன்று கார்னகி ஹாலில் வாசிக்கும் நிகழ்ச்சி பெரும்பாலும் அன்று புதிதாக முளைத்தது அல்ல. வழக்கமாக அதே நிகழ்ச்சியைச் சொந்த ஊர்ச் சந்தாதாரர்களுக்கு அந்த வாரமோ முந்தைய வாரமோ இரண்டு மூன்று முறை வாசித்திருப்பார்கள். நியூயார்க்குக்கு வரும்போது அது நன்றாகப் பழுத்திருக்கும். 2012 மே மாதம் பிரான்ஸ் வெல்சர்-மோஸ்ட் நடத்த, நீனா ஸ்டெம்மே பாடிய ஸ்ட்ராஸின் ‘ஸலோமே’ அப்படித்தான் கிளீவ்லாந்தில் தொடங்கிக் கார்னகியில் முடிந்தது. ஒரு நகரம் தன் சொந்த மக்களுக்காகத் தயாரித்ததைத்தான் நாம் இங்கே கேட்கிறோம்.

ஆனால் அரங்கு மாறுவதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கிளீவ்லாந்து குழுவின் சொந்த அரங்கான செவரன்ஸ் ஹால் 1931இல் திறந்தது; ஏறக்குறைய 2,000 இருக்கைகள்தான். அங்கே மிக மெல்லிய ஒலிகூடக் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும் என்று கலைஞர்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய, மிக உயர்ந்த கார்னகி ஹாலில் அன்று மாலை சிறிது நேரம் ஒத்திகை பார்த்து, அதற்குள் காதைப் புதிய இடத்துக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். பிலடெல்பியாவுக்கு நேர்மாறான அனுபவம். அவர்கள் 2001 வரை வாசித்த அகாடமி ஆஃப் மியூசிக் என்ற அரங்கு, ஆப்பராவுக்காகக் கட்டியது. எதிரொலி குறைவு, வறண்ட ஒலி. அந்த வறட்சியை ஈடுகட்டத்தான் வயலின்களை அவ்வளவு செழிப்பாக வாசிக்கப் பழகினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. அதே வயலின்கள் கார்னகிக்கு வந்தால் ஒலி இரட்டிப்பாகப் பொங்கும்.

கார்னகியின் ஒலியும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. 1986 புதுப்பிப்புக்குப் பிறகு ஒலி கடினமாகிவிட்டது என்று பலர் முறையிட்டார்கள்; 1995இல் மேடைத் தரையைப் பெயர்த்தபோது அடியில் கான்கிரீட் இருந்தது தெரிய வந்தது, அகற்றினார்கள்.

பழைய சந்தாதாரர் எழுதியது:

நான் இந்தத் தொடரைப் பல சீசன்கள் எடுத்திருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்கள் என்று பெயர் வைத்துவிட்டு, வருகிறவர்கள் யார்? பாஸ்டன், பிலடெல்பியா, கிளீவ்லாந்து, சிகாகோ. சில ஆண்டு சான்பிரான்சிஸ்கோ அல்லது லாஸ் ஏஞ்சலஸ். டெட்ராய்ட் எங்கே? சியாட்டில் எங்கே? மில்வாக்கி எங்கே? வாசிப்பதும் மாஹ்லர், பிராம்ஸ், ஸ்ட்ராஸ் என்று ஐரோப்பிய இசையமைப்பாளர்களையே சுற்றிச் சுற்றி வந்தால், அமெரிக்கா என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை?

2011இலிருந்து 2014 வரை அதே கார்னகி ஹாலில் ‘ஸ்பிரிங் ஃபார் மியூசிக்’ என்ற விழா நடந்தது பலருக்கு நினைவிருக்கும். குழுவின் புகழைப் பார்க்காமல், அது தர விரும்பும் நிகழ்ச்சியின் கற்பனை வளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். எந்த இருக்கையானாலும் 25 டாலர். முதல் ஆண்டு ஒரெகன் சிம்பொனி வந்து, போரைப் பொருளாகக் கொண்ட நிகழ்ச்சியை வாசித்தது: ஐவ்ஸ், ஜான் ஆடம்ஸ், பிரிட்டன், அதன் பிறகு வான் வில்லியம்ஸின் நான்காம் சிம்பொனி. டொலீடோ குழுவோடு அந்த ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் கிளம்பி வந்து, கைக்குட்டையை வீசி ஆட்டி ஆர்ப்பரித்தார்கள். 2013இல் டெட்ராய்ட் குழு ஐவ்ஸின் நான்கு சிம்பொனிகளையும் ஒரே இரவில் வாசித்தது. 2014 மே மாதம் சியாட்டில் குழு கொண்டுவந்தது ஜான் லூதர் ஆடம்ஸின் ‘பிகம் ஓஷன்’. அந்த ஆண்டின் புலிட்சர் பரிசு பெற்ற படைப்பு. அதோடு விழா நின்றுபோனது. ஆக, முடியாதது அல்ல, மனம்தான் வேண்டும்.

மேல்தளவாசி எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன விழாவின்மேல் எனக்கும் அதே பற்று உண்டு. ஆனால் மனம் மட்டும் போதவில்லை என்பதைத்தான் அது நின்றுபோன கதை காட்டுகிறது. நூறு பேர் கொண்ட குழு ஒன்று மேற்குக் கரையிலிருந்து வர வேண்டுமானால் விமானம், தங்கும் விடுதி, டிம்பனியையும் டபுள் பாஸையும் ஹார்ப்பையும் ஏற்றிவரும் ஏற்பாடு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். அரங்கு தரும் கட்டணத்தில் அத்தனையும் அடங்குவதில்லை. சொந்த ஊர் நன்கொடையாளர்கள்தான் மிச்சத்தைத் தாங்குகிறார்கள். பிலடெல்பியா சீசனுக்குப் பல முறை வந்துபோக முடிவதற்கு முக்கியக் காரணம், பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வந்து, வாசித்துவிட்டு, அன்றிரவே வீடு திரும்பிவிடலாம் என்பதுதான். தொலைவில் இருப்பவர்களை அழைக்க அரங்கு துணிய வேண்டுமானால், அவர்கள் வரும் இரவில் இருக்கைகள் காலியாக இருக்காது என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியைத் தருவது சந்தா. மில்வாக்கி என்ற பெயரைப் பார்த்துத் தனி டிக்கெட் வாங்குகிறவர் நூற்றில் ஒருவர். தொடருக்குள் அது இருந்தால் எல்லாரும் வந்து கேட்பார்கள். இதனால்தான் சந்தாவைக் கைவிடுவதைவிட, சந்தாதாரராக இருந்துகொண்டு இன்னின்ன ஊர்களை அழையுங்கள் என்று எழுதிக் கேட்பது பயன் தரும் என்கிறேன்.

நிகழ்ச்சிகள் கொஞ்சமும் மாறவில்லை என்பதையும் ஏற்க மாட்டேன். பெருந்தொற்றால் மூடிக்கிடந்த அரங்கு 2021 அக்டோபர் 6 அன்று திறந்தபோது பிலடெல்பியா குழு முதலில் வாசித்தது வலேரி கோல்மனின் ‘செவன் ஓக்ளாக் ஷவுட்’. மருத்துவப் பணியாளர்களுக்காக மாலை ஏழு மணிக்கு ஜன்னல் ஓரங்களில் எழுந்த ஆரவாரத்தை வைத்து எழுதிய படைப்பு அது. கலைஞர்களே வாய்விட்டுக் கூவ வேண்டிய இடம் அதில் வருகிறது. பத்தொன்பது மாதங்கள் அமைதியாக இருந்த கூடத்தில் அந்தக் கூவல் ஒலித்ததைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதே சீசனில் ஃப்ளாரன்ஸ் பிரைஸின் முதல் சிம்பொனியையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். 1933இல் சிகாகோ சிம்பொனி முதன்முதலாக வாசித்த அந்தப் படைப்பு, கறுப்பினப் பெண் ஒருவர் எழுதியது என்பதாலேயே எத்தனையோ ஆண்டுகள் பெரிய மேடைகளைக் காணாமல் கிடந்தது.

ஜெர்சிநகர் மைந்தன் எழுதியது:

நடைமுறைக் கேள்வி ஒன்று. பல மாதங்களுக்கு முன்பே மொத்தப் பணத்தையும் கட்டிவிடுகிறோம். நிகழ்ச்சி நடக்காமல் போனால்? 2013இல் மட்டும் எத்தனை! மார்ச் மாதம் சான்பிரான்சிஸ்கோ கலைஞர்களின் வேலைநிறுத்தத்தால் அவர்களின் கிழக்குக் கரைப் பயணமே ரத்தானது. அக்டோபர் 2 அன்று கார்னகியின் மேடைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் சீசன் தொடக்க விழாவே நின்றது. வரவேண்டிய பிலடெல்பியா குழு தன் ஊரிலேயே அன்று மாலை இலவசமாக வாசித்தது. மினசோட்டாவில் கதவடைப்பு. இவ்வளவு நிச்சயமின்மையில் சந்தா எப்படிக் கட்டுவது?

மேல்தளவாசி எழுதியது:

ரத்தான நிகழ்ச்சிக்கான பணம் போய்விடுவதில்லை; திரும்பப் பெறலாம் அல்லது வேறு நிகழ்ச்சிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆகவே பண இழப்பு பெரிதல்ல. இழந்த இசைதான் பெரிது, அதிலும் மினசோட்டா விஷயம் என் நெஞ்சில் இன்றும் உறுத்துகிறது. இசை இயக்குநர் ஒஸ்மோ வான்ஸ்கா அந்தக் குழுவை, பின்லாந்து இசையமைப்பாளர் ஸிபேலியஸின் இசைக்கு அமெரிக்காவில் ஈடிணையற்றதாக வளர்த்திருந்தார். 2012 அக்டோபரில் நிர்வாகம் கதவடைத்தது. 15 மாதங்கள் நீடித்தது. 2013 நவம்பரில் கார்னகியில் நடக்கவேண்டிய நிகழ்ச்சிகள் ரத்தானபோது, தான் முன்பே எச்சரித்திருந்தபடி வான்ஸ்கா பதவி விலகினார். ஒரு ஊர்க் குழுவுக்கு இந்த மேடை என்ன பொருள் என்பதை அந்த விலகல் சொல்லிற்று. கதவடைப்பு முடிந்து, அவரும் திரும்பி வந்து, 2016 மார்ச்சில் வயலின் கலைஞர் ஹிலரி ஹானோடு வயலின் கான்செர்ட்டோவும், முதல், மூன்றாம் சிம்பொனிகளுமாக முழுக்க ஸிபேலியஸையே அவர்கள் கார்னகியில் வாசித்தார்கள்.

பிலடெல்பியாவும் 2011இல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போய், அடுத்த ஆண்டு மீண்டு வந்த குழுதான். இவை எல்லாம் நன்கொடையும் டிக்கெட்டும் சேர்ந்தால்தான் உயிரோடு இருக்கும் அமைப்புகள். ஐரோப்பியக் குழுக்கள் பலவற்றுக்கு அரசு மானியம் பின்னால் நிற்கிறது. முன்கூட்டியே கட்டும் பணத்தின் அருமை அமெரிக்கக் குழுக்களின் கதையில்தான் புரியும்.

தென்றல்வாணன் எழுதியது:

டபுள் பாஸ் வாதம் என்னை யோசிக்க வைத்துவிட்டது. முழுவதும் ஒப்புக்கொள்கிறேன் என்று இப்போதே சொல்ல மாட்டேன். ஒரு சீசன் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இருக்கை எங்கே எடுப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

மேல்தளவாசி எழுதியது:

மொத்தம் 2,804 இருக்கைகள், ஐந்து தளங்கள். கீழ்த்தளத்தில் 1,021 இருக்கைகள். விலையும் அதிகம், முன்வரிசைகளில் உட்கார்ந்தால் வயலின்கள் மறைத்துக்கொண்டு மரக்காற்றுக் கருவிகளின் முகமே தெரியாது. அதற்கு மேல், சிறு சிறு தடுப்புகளாகப் பிரித்த இரண்டு பாக்ஸ் தளங்கள். அழகானவை, ஆனால் பின்னால் உட்காருபவருக்கு மேடை முழுமையாகத் தெரியாது. நான்காவதான டிரஸ் சர்க்கிளில் மட்டும் தூண்கள் உண்டு, இருக்கை எண்ணை நன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். உச்சியில் பால்கனி, 837 இருக்கைகள். மின்தூக்கி அதுவரை போவதில்லை. மேலே போய்ச் சேர 137 படிகள். முழங்கால் ஒத்துழைத்தால் பால்கனியின் நடுப்பகுதியை, முதல் சில வரிசைகளுக்குள் எடுங்கள். ஒலி அங்கேதான் கலந்து, முழுமையாக வந்து சேருகிறது. மேடையில் யார் எப்போது வில்லை எடுக்கிறார்கள் என்பதும் மேலிருந்து தெளிவாகத் தெரியும். படி ஏற முடியாதென்றால் டிரஸ் சர்க்கிளில், தூணுக்கு முன்னால்.

ஒருமுறை எடுத்த இருக்கையை அடுத்த சீசனுக்குப் புதுப்பிக்கும் உரிமை சந்தாதாரருக்கு உண்டு. கடைசித் தேதி முடிவதற்குள் புதுப்பித்துவிடுங்கள். தவறினால் அது பிறருக்குப் போய்விடும்.